பருத்திப்பட்டில் திரும்பி வந்த கரண்ட்

என் கையெழுத்தைப் படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதன் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத்தான். சின்ன ர, பெரிய ற இடம் மாறியிருக்கும், தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. லைன் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

இடுப்பில் கட்டிய பீஸ் கட்டை

ஆவடிப் பக்கம் மின்வாரியத்தில் ஒரு செக்‌ஷனில் எண்பதுகளில் ஹெல்பராகச் சேர்ந்தேன். எனக்கு ஜோடி ஒயர்மேன் டில்லி அண்ணன். அவர் கம்பம் ஏறுவார், நான் கீழே கயிறு பிடிப்பேன். அவர் பேசுவார், நான் கேட்பேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கரண்டை நிறுத்த டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டைகளைப் பிடுங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வர மாட்டோம். யாராவது தெரியாமல் திரும்பச் சொருகிவிட்டால் கம்பத்தில் இருப்பவன் செத்தான். அதனால் ஏறுகிறவனே மூன்று கட்டைகளையும் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வான். தப்பிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் போய்விட, லைனைப் பூமியோடு சேர்க்கும் எர்த் சங்கிலி கொடுத்திருந்தார்கள். பெரிய லைன் வேலைக்கு மட்டும் அதை எடுப்போம். தெரு லைனுக்கு யாரும் அதைச் சுமப்பதில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்குப் போவதுதானே கரண்ட்? வீட்டிலிருந்து திரும்பி வரும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை.

சாணி எஞ்சின்

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் சூசை அண்ணன் எருமை வைத்திருந்தார். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தெற்கே. எங்கள் லைனில் கடைசி வீடு அவருடையது. அந்திக்கு அங்கே பல்பு மின்மினி மாதிரிதான் எரியும். எத்தனையோ தடவை ஆபீசுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரே சாணத்தில் கேஸ் எடுத்து, ஒரு பழைய எஞ்சினை அதில் ஓட்டி, கரண்ட் செய்துகொண்டார்.

டில்லி அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை. “இன்னா நைனா, எருமைக்கு வயித்தால போனா ஊடு பூரா டியூப் லைட்டா?” என்பார். சூசை அண்ணன் சிரிப்பார்.

எங்கள் கரண்டும் எஞ்சின் கரண்டும் ஒன்றோடொன்று சேராதபடி, ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாற்றும் சுவிட்ச் போடச் சொன்னது ஆபீஸ். அவரும் தன் வீட்டில் ஒழுங்காகப் போட்டிருந்தார். அத்தோடு நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

கயிறு

ஒரு மே மாதம், மதியம். புழுதிக் காற்று அடித்து, வேப்பங்கிளை விழுந்து, ஏரிக்குப் போகும் தெருவில் ஒரு கம்பி அறுந்துவிட்டது. டில்லி அண்ணன் கட்டைகளைப் பிடுங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு இரும்புக் கம்பத்தில் ஏறினார். எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு நின்றார். அறுந்து கிடந்த கம்பியை நான் வெறுங்கையால் எடுத்துக் கயிற்றில் முடிந்தேன். கயிறு மேலே குறுக்குச் சட்டத்தில் மாட்டித் திரும்ப என் கைக்கு வரும். நான் இழுக்க இழுக்கக் கம்பி மேலே போகும். அவர் பிடித்து இழுத்து ஜாயின்ட் போடுவார்.

கூட்டம் என்னையே பார்ப்பது போல எனக்குக் கூச்சம். யார் முகத்தையும் பார்க்காமல், எதிரே இருந்த சைக்கிள் கடைக்குள் பார்த்துக்கொண்டே இழுத்தேன். அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம், நான் இழுத்த கம்பி போகிற பக்கம், அந்தக் கடையும் சில வீடுகளும் சர்ச் ஹாலும் சூசை அண்ணன் வீடும்தான்.

கடைக்குள் தொங்கிய பல்பு சிவந்தது. சாம்பல் மூடிய கங்கு மாதிரி. ஒரு தடவை மங்கியது, மறுபடி சிவந்தது.

என் கை நின்றுவிட்டது. கம்பி முனை டில்லி அண்ணன் கைக்கு ஒரு முழம் கீழே தொங்கியது. இன்னும் இழுத்தால் அவர் பிடித்துவிடுவார். கயிற்றை விட்டால் கம்பி கூட்டத்தின் மேல் விழும்.

“கரண்ட்டுண்ணே” என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

“இன்னாடா மொணமொணங்கற? இழு!”

“ஏன்யா நிறுத்துன? இழுய்யா!” என்றார் லைன் இன்ஸ்பெக்டர்.

டில்லி அண்ணன் பொறுக்காமல் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கம்பிக்கு நீட்டிக் குனிந்தார். நான் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன். கம்பி ஆள் உயரத்துக்கு மேலேயே நிற்க வேண்டும், அவர் கைக்கும் எட்டக் கூடாது.

“டேய் ஏழுமல! வுட்டுடாதடா, கீய ஜனம் கீது!” என்று என் பேரைச் சொல்லி மேலிருந்து கத்தினார்.

எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. “தொடாதடா டில்லி! கரண்ட்டு வருது!” என்று கத்தினேன். அதுவரை அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மேலிருந்து அவர் சிரித்தார். “மூணு கட்டையும் என் இடுப்புல கீது. கரண்ட்டு எங்கேர்ந்து வருது, உங்க மாமனார் ஊட்லேர்ந்தா?”

கூட்டமும் சிரித்தது. அவர் இன்னும் குனிந்தார்.

“சைக்கிள் கட பல்பப் பாரு!”

சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் தலையைத் திருப்பினார். “ஐயோ, ஆமா அண்ணாத்தே, எரியுது!” என்றார்.

சிரிப்பு நின்றது. டில்லி அண்ணன் நீட்டிய கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டார். அப்போதுதான் தூரத்தில் எஞ்சின் ஓடும் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது.

லைன் இன்ஸ்பெக்டர் சைக்கிள் கடையிலிருந்து ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு சூசை அண்ணன் வீட்டுக்குப் பறந்தார். நான் கயிற்றோடு நின்றேன். கை வியர்த்துக் கயிறு ஈரமானது. ஈரக் கயிற்றில் கரண்ட் இறங்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். “கெட்டியா புடிச்சிகினு இரு மாமே” என்றார் மேலிருந்து. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பல்பு அணைந்தது.

ஹாலில் நடந்தது

சர்ச் ஹாலில் அன்று கல்யாண விருந்து. கரண்ட் போனதும் ஃபேன் நின்றுவிட்டது. பெண் வீட்டார் கேட்டுக்கொண்டதால் சூசை அண்ணன் ஹாலுக்கு ஒரு ஒயரை இழுத்து எஞ்சினை ஓட்டினார். ஹாலில் ஒயரைச் சொருகியவர் மெயினை அணைக்கவில்லை. எஞ்சின் கரண்ட் அந்த வழியாகத் தெரு லைனில் ஏறிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, “கரண்ட்டுதான் இல்லையே சார், மெயின் ஆன்ல இருந்தா இன்னா, ஆஃப்ல இருந்தா இன்னா?” என்றாராம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாங்களும் அதே கணக்கில்தான் கம்பம் ஏறினோம்.

லைன் இன்ஸ்பெக்டர் சூசை அண்ணனைக் கையோடு கூட்டி வந்தார். “எஞ்சினுக்கு இன்னைக்கே சீல் வைக்கிறேன். இனிமே அது ஓடக் கூடாது” என்றார். டில்லி அண்ணன் இறங்கி வந்து கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே சொன்னார்:

“சார், இத மூடுனா நாளைக்கு வேற எவனாச்சும் வேற ஊட்ல ஓட்டுவான். நம்ம கரண்ட்டு கடேசி ஊட்டுக்கு ஒழுங்கா போனா அவுரு ஏன் சாணியக் கரைக்கிறாரு? ஓடட்டும். ஆனா நைனா, ஓட்றதுக்கு முன்ன ஆபீசுக்கு ஒரு வார்த்த சொல்லு. எனக்கு ரெண்டு பொண்ணு கீது.”

சூசை அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

ஆபீசிலிருந்து எர்த் சங்கிலி வந்தது. அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டோம். டில்லி அண்ணனால் ஏற முடியவில்லை. நான் ஏறி ஜாயின்ட் போட்டேன். அவர் கயிறு பிடித்தார்.

அந்த வாரமே ஹாலிலும் மாற்று சுவிட்ச் வந்தது. எஞ்சின் இருக்கும் தெருவின் கம்பத்தில் அடையாளமாகச் சிவப்பு வளையம் தீட்டினோம். அப்போது ஒரு கம்பம்தான். இப்போது அந்த வளையத்தைப் பூந்தமல்லி வரைக்கும் பார்க்கிறேன். தெற்கே காற்றாடியில் கரண்ட் எடுத்து நம் லைனிலேயே விடுகிறார்கள். வெயிலில் எடுப்பதும் வீட்டுக்கு வீடு வரும் என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான்.

தம்பிகளே, லைன் தானாகச் சாகாது. இரண்டு பக்கமும் சங்கிலி போட்டு நீங்கள்தான் அதைச் சாகடிக்க வேண்டும். கீழே கயிறு பிடிப்பவன் மேலே இருப்பவனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதே. சுற்றியுள்ள வீடுகளைப் பார். எதிலாவது வெளிச்சம் தெரிந்தால், பெரியவர் சின்னவர் பார்க்காமல் கத்து.

எழுதி முடித்தது: 1999 அக்டோபர் 17, ஆவடி.