பலூன் இறங்கும் நேரம்

உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள்தான் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் அவள். சேந்தமங்கலம் சாலையில் ஒரு கல்லூரியில் மூளை அலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள், அதற்குத்தான் ஆள் தேடினாள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, தூக்க மாத்திரை போடுவதுண்டா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என் வீட்டுக்காரரும் இல்லை என்றார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களா என்று அவள் கேட்கவில்லை. அது நோய்க் கணக்கில் வராது போலிருக்கிறது. ஆகவே நாங்கள் இருவரும் ஆரோக்கியமானவர்கள் என்று முடிவாயிற்று.

முதலில் சரி என்றது அவர்தான்.

"போய்ப் பாக்கலாம் அம்மிணி. மனசு அமைதியாவுமாமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடுகிற மனிதருக்கு இன்னும் என்ன அமைதி வேண்டிக் கிடக்கிறது?

எங்கள் பாப்பா போனது எங்கள் கோழிப் பண்ணையிலேயே. நாலு வயது. தீவனம் ஏற்றி வந்த லாரி கொட்டகைப் பக்கம் பின்னால் வந்துகொண்டிருந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது லாரியிலிருந்து ஒரு பாட்டு வருமே, அந்தப் பாட்டைக் கேட்டால் பாப்பா எங்கிருந்தாலும் ஓடி வந்து ஆடுவாள். அவர் லாரிக்குப் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்ல "ஓல்டான்" என்று கத்துவார்கள். நான் சமையலறையில் இருந்தேன். அவருடைய ஓல்டான் எனக்குக் கேட்டது. ஆனால் அதற்கு முன்பே பாப்பாவின் சத்தம் கேட்டுவிட்டது.

பிறகு அவர் கொட்டகைகளைக் குத்தகைக்கு விட்டார். நாமக்கல்லில் வாடகைக்கு வீடு பார்த்தார். முட்டை வியாபாரம் தொடங்கினார். வேளைக்குச் சாப்பிட்டார். பாப்பாவின் படத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. பிந்திக் கத்தியதற்காகக்கூட அவரை மன்னித்திருப்பேன், மறந்ததற்காக என்னால் முடியவில்லை. மோகனூரில் இருக்கும் என் அண்ணனிடம், இந்தப் பரிசோதனை முடியும் நாளில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இல்லை. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னாள் அந்தப் பெண். ஓட்டை ஓட்டையாக ஒரு தொப்பியை மாட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் முடியை விலக்கிப் பசை வைப்பாள். என் முடியோடு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"உங்க வீட்டு அண்ணனுக்கெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும்க்கா" என்றாள்.

"வழுக்கையால இந்த ஒரு லாபமாச்சும் இருக்குதே" என்றேன். இருவரும் சிரித்தோம்.

எதிரே திரையில் ஒரு மஞ்சள் பலூன். மனம் அடங்கினால் ஒரு வகை அலை மூளையில் கூடுமாம், அப்போது பலூன் மேலே ஏறும். மனம் கலைந்தால் இறங்கும். எப்படி அடக்குவது என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. பலூனைப் பாத்துக்கிட்டே இருங்க. எப்படி இருந்தா ஏறுதுன்னு மூளையே கத்துக்கும்."

அவர் காலையில் போய்விட்டுக் கடைக்குப் போவார். நான் வேலைகளை முடித்துவிட்டு மதியம் போவேன். மதியம்தான் நல்லது என்றாள் அவள். காலையில் என்றால், கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவன மில்லில் லாரிகள் வந்து போகும் சத்தம் அறைக்குள் கேட்குமாம். தீவன மில் என்றதும், மதியமே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நல்லவேளையாக மதியத்தில் அங்கே ஒரு வண்டியும் அசையாது. தினமும் காலையில் அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுந்து வருகிறாரே இந்த மனிதர், இவருக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று அதையும் என் கோபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

முதல் நாள் பலூன் நன்றாகத்தான் ஏறியது. திரையின் மேல் விளிம்பைத் தொடப் போகும்போது பொசுக்கென்று இறங்கியது. கொஞ்சம் ஏறியது. மறுபடியும் தரை வரை இறங்கியது. பிறகு மெதுவாக, தயங்கித் தயங்கி மேலே போனது. மறுநாளும் அப்படியே. ஒரு நாள் முன்னதாக நடக்கும், ஒரு நாள் பிந்தி நடக்கும், ஆனால் நடக்காமல் இருக்காது. இறங்கும், பாதி ஏறும், மறுபடி இறங்கும். அறையில் ஏசியின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது.

சில நாட்களில் எனக்கு விளங்கிவிட்டது. அது பாப்பா. இடுப்பில் உட்கார்ந்திருக்கும்போது என் முந்தானையை இழுப்பாள். நான் திரும்பவில்லை என்றால் இன்னொரு முறை இழுப்பாள். இரண்டாவது இழுப்பில் நான் திரும்பியாக வேண்டும்.

அதன் பிறகு நான் பலூனை ஏற்றுவதற்காகப் போகவில்லை, அது இறங்குவதைப் பார்க்கத்தான் போனேன். பாப்பாவுக்குப் பிடித்த பச்சைப் புடவையை உடுத்திக்கொண்டு போனேன். பலூன் இறங்கும்போது, வந்துட்டியா சாமி என்று மனதுக்குள் கேட்பேன். பயமாகவும் இருக்கும், வேண்டும் போலவும் இருக்கும். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். அண்ணனோடு போய்விட்டால் இந்தப் பலூனை எங்கே பார்ப்பது என்ற கவலை மட்டும் இருந்தது.

கடைசி நாள் எங்கள் இருவரையும் காலையிலேயே வரச் சொன்னார்கள். எண்களைச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். முதல் நாள் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன். பிறகு என்னை மட்டும் தனியாக உட்கார வைத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேசினாள்.

"அக்கா, ஆரம்பத்துலேயே சொன்னோம்ல, பாதிப் பேருக்குத்தான் நிஜப் பயிற்சின்னு. நீங்க மறு பாதி. நீங்க பாத்த பலூன் உங்க மூளைக்கு நகரல. அது வேற ஒருத்தரோட பதிவு. அவங்களுக்கு நடந்ததை அப்படியே உங்களுக்குப் போட்டுக் காட்டினோம்."

ஆரம்பத்தில் என்ன சொன்னார்கள் என்று யாருக்கு நினைவு இருந்தது?

"அப்ப, கீழ எறங்குச்சே?"

"அதுவும் அவங்களோடதுதான்க்கா. காலைல வர்றவங்கள்ல ஒருத்தர். யாருன்னு நான் சொல்லக் கூடாது."

பயிற்சியால்தான் மனிதர்கள் தேறுகிறார்களா, அல்லது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து, தங்கள் தலையை ஒருவர் அக்கறையாகத் தொட்டுப் பார்ப்பதாலேயே தேறிவிடுகிறார்களா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். பயிற்சியே இல்லாமல் நான் தேறியிருப்பதுதான் தன் பேராசிரியருக்குத் தலைவலி என்றாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் பிள்ளையை இரண்டாவது முறையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் இருந்தது. அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. சின்னப் பெண்.

வெளியே வந்தேன். அவர் மதில் ஓரமாக, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உங்கள் பலூன் ஜம்மென்று ஏறியிருக்குமே என்று குத்தலாகக் கேட்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பால் அந்தப் பாட்டு தொடங்கியது.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்து நின்றார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. உதடுகள் அசைந்தன. கிட்டே போனேன்.

"ஓல்டான்... ஓல்டான்... ஓல்டான்..."

சத்தமே வராமல் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த லாரியும் ஒரே முறையில் நேராகப் போய் நிற்பதில்லை. பாட்டு நின்றது. வண்டி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. அவர் மூச்சு விட்டார், முகம் கொஞ்சம் தெளிந்தது. மறுபடி பாட்டு. மறுபடி அந்த முகம் விழுந்தது, மறுபடி உதடுகள் அசைந்தன. பாட்டு நின்ற பிறகும் வெகு நேரம் கழித்துத்தான் மெதுவாக, தயங்கித் தயங்கித் தன்னிலைக்கு வந்தார்.

அந்தப் பதிவு யாருடையது என்று அந்தப் பெண் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இத்தனை நாளும் நான் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான்.

"ஏனுங்க, பாப்பா தெனமும் வாராளாங்க?" என்றேன்.

களவில் பிடிபட்டவர் போல என்னைப் பார்த்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஆமாஞ் சாமி. பாட்டுக் கேட்டா ஓடியாந்துர்றா. நானுஞ் சொல்லிட்டேதான் இருக்கறேன். லாரி நிக்க மாட்டேங்குது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியவில்லை. வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அண்ணனுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றேன். மோகனூரைத் தாண்டிவிட்டேனே, ஏன் என்று கேட்டான்.

"பாப்பா இங்கதாண்ணா இருக்கறா" என்றேன்.