அந்த வீட்டின் கதையை அவர் திருப்பிக் கொடுத்த நாள்

யோகரதி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, பாரிசின் புறநகரான சார்செலிலிருந்து வரும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. கார் து நோர் நிலையத்தில் இறங்க மறந்து அடுத்த நிலையமான சாத்லே வரை போய்விட்டேன். முதல்நாள்தான் தொலைபேசியில் என்னோடு சண்டை பிடித்திருந்தார். அதை இனி யாரோடு முடிப்பது?

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்துக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்புக்காரி. பாரிசில் மானிடவியல் படித்து, கனடாவின் மேற்குக் கரையில் வாழும் சிம்ஷியன் என்ற பூர்வகுடி மக்களின் பழஞ்சட்டத்தை ஆராய்ந்தவர். "எங்கட ஊரிலயும் குடி தாய்வழிதானே. அங்க போனது சொந்தக்காரரிட்டப் போன மாதிரி இருந்தது" என்பார். அங்கே 'வீடு' என்றால் ஒரு வம்சம்; பிள்ளைகள் தாயின் வீட்டைச் சேர்ந்தவர்கள். தாய்மாமனின் பரம்பரைப் பட்டம் சகோதரியின் மகனுக்கு வரும். பெருவிருந்து வைத்து, மற்ற வீட்டார் முன்னிலையில் சொன்னால்தான் அது செல்லும். வந்தவர்களுக்குச் சாப்பாடும் பரிசும் உண்டு. "அது அன்பளிப்பு இல்லை தம்பி. பார்த்ததை மறக்காமல் வைச்சிருக்கிறதுக்குக் கூலி" என்று அக்கா விளக்குவார்.

ஒரு ஞாயிறு, உணவகம் ஒன்றின் பின்மண்டபத்தில் அவரைப் பேச வைத்தோம். பாதியில் பலசரக்குக் கடைக் குலம் அண்ணை எழுந்தார். லா சப்பலில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் அவரிடம் இரகசியம் என்று சொன்னால் போதும். "பிள்ளை, சட்டத்தை விடும். ஒரு கதை சொல்லும்" என்றார். சிம்ஷியன் வீடு ஒவ்வொன்றுக்கும் தன் வரலாறு உண்டு. எங்கிருந்து வந்தார்கள், எந்த ஆறு எப்படித் தங்களுடையதாயிற்று என்ற கதை அது. நிலத்தைப் போல அதுவும் அந்த வீட்டின் சொத்து. அனுமதியில்லாமல் வெளியார் சொல்லக்கூடாது. ஆராய்ச்சிக்காக ஒரு வீட்டின் தலைவி அக்காவை நம்பிச் சொல்லியிருந்தார். தமிழில்தானே என்று நினைத்தாரோ என்னவோ, அக்கா அதை முழுவதும் சொல்லிவிட்டார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம்.

மறுநாள் என்னை அழைத்தார். "தம்பி, நான் களவெடுத்துப்போட்டன்."

"ஆருக்கக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

தலைவியிடமும் தானே தொலைபேசியில் சொல்லிவிட்டார். அந்த அம்மா ஏசவில்லை. "பிழையைச் செய்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும் அதைக் கழுவுங்கள். இங்கே வருவதைப் பற்றிப் பிறகு பேசுவோம்" என்றாராம். இனி அந்தக் கரையில் கால் வைக்க முடியாதோ என்று அக்கா சாப்பாடு இறங்காமல் இருந்தார். அவருடைய பாதி வாழ்க்கை அங்கேதான் இருந்தது.

கதை கேட்ட எல்லோரையும் அதே மண்டபத்துக்கு அழைத்தார். வேலை என்று சாக்குச் சொன்ன ஒருவரைப் புறநகரான செவ்ரானுக்கே போய்க் கூட்டிவந்தார். இடியப்பம், சொதி, கணவாய்க் கறி. தலைவி கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து, அந்த வீட்டின் பெயரைச் சொல்லி, "அவையின்ர கதையைக் கேளாமல் சொல்லிப்போட்டன். அது அவையின்ரதான். நீங்கள் சாட்சி" என்றார். தலைவிக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். சாட்சிக் கூலியாக ஆளுக்கொரு துவாய்த் துண்டு கொடுத்தார்.

"சாப்பாட்டோடை எல்லாம் முடிஞ்சுதோ?" என்று குலம் அண்ணை பகிடி விட்டார்.

"இல்லை அண்ணை. இனித்தான் உங்களுக்கு வேலை. வாயை மூடி வைச்சிருக்க வேணும்."

தலைவி திரையில் குனிந்து மேசையைப் பார்த்தார். பிறகு, "அந்தக் கணவாயை எப்படிச் சமைத்தீர்கள்? வரும்போது செய்து காட்டுங்கள்" என்றார். அக்கா அப்போதுதான் அழுதார். அடுத்த கோடையில் மிளகாய்த்தூளும் கொண்டு போனார்.

போன வாரம் இறுதிக் கிரியை முடிந்து எல்லோரும் தேநீரோடு இருந்தபோது, இங்கேயே பிறந்த அவருடைய தங்கை மகள் பிரெஞ்சில் கேட்டாள்: "பெரியம்மா சொன்ன அந்தக் கதை என்ன?" அன்று சாப்பிட்டவர்கள் ஏழெட்டுப் பேராவது அங்கே இருந்தோம். எல்லோரும் குலம் அண்ணையைப் பார்த்தோம்.

"அது எங்கடை இல்லை பிள்ளை," என்றார் அவர். "கேக்க வேணுமெண்டால் அந்த வீட்டுக்குப் போ."

எனக்கு அந்தக் கதை முதலிலிருந்து கடைசி வரை நினைவிருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். இங்கே எழுதமாட்டேன்.