வாரண்டி வாங்கிய படம்

அவர் பெரிய சோப்புக் கட்டி வாங்குவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பற்பசை என்றால் சுண்டுவிரல் நீளம். ஷாம்பு என்றால் பாக்கெட். செருப்பு அறுந்தால் தையல்தான், புதுசு கிடையாது. கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தமாக வாங்கினால் சல்லிசு என்பது கஞ்சனுக்குத்தான் முதலில் தெரியும். இவர் கணக்கு வேறு. பெரிய கட்டி தீர்வதற்குள் தாம் தீர்ந்துவிட்டால் மிச்ச சோப்பை யார் தேய்ப்பது என்ற கணக்கு.

தெருவில் அவருக்கு வாரண்டி என்று பெயர். ஓய்வு பெறும்வரை மின்சாதனக் கடை ஒன்றில் இருந்தார். பல்லைக் காட்டி விற்பவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். விற்றதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கள் பின்பக்கத்து மேஜைக்கு, அதாவது இவரிடம், அனுப்பப்படுவார்கள். "கம்ப்ரஸருக்கு உண்டு, கதவுக்குக் கிடையாது. கதவுக்கு உண்டு, கதவு ரப்பருக்குக் கிடையாது" என்று பொடி எழுத்தைக் காட்டிச் சாந்தமாகச் சொல்லி அனுப்புவார். அடி வாங்காமல் ஓய்வு பெற்றதே பெரிய சாதனை.

இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்த அன்று, "அறுபதுக்கு மேல கம்பெனி பொறுப்பில்ல, அப்படித்தானே டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த மனைவி சிரிக்கவில்லை.

அன்று முதல் கடையைக் கட்ட ஆரம்பித்தார். கைக்கடிகாரம் மருமகனுக்குப் போனது. கம்பளிச் சட்டை தம்பிக்குப் போனது. கடைசியாகப் போனவை படங்கள். கூடத்து அலமாரியில் மூன்று தட்டு நிறைய டிஸ்க்குகள், உறை கசங்காமல், ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. "எனக்கப்புறம் எவன் போட்டுப் பாக்கப்போறான்" என்று மாடி வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தார். மாடி வீட்டுக்காரரிடம் டிஸ்க் போடும் கருவியே கிடையாது. அவர் எல்லாவற்றையும் நூலில் கோத்துப் பால்கனியில் தொங்கவிட்டார், புறா வராமலிருக்க.

"உங்க படத்தையெல்லாம் இப்ப புறா பாக்குது" என்றாள் மனைவி.

"புறா வந்து பாக்கக்கூடாதுன்னுதானே கட்டியிருக்காரு."

"வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல."

அந்த அம்மாளுக்கு டிஸ்க் போனதில் ஒன்றும் துக்கமில்லை. வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாக வெளியேறுவதைப் பார்த்தால், மனிதர் தவணை முறையில் கிளம்பிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நீளமான அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் அருகிலும் இடுப்புக்கு மேல் உயர்ந்த ஓர் இயந்திரம். போனதும் எடை பார்ப்பார்கள். பிறகு இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியே இரத்தம் வெளியே போகும், மற்றதன் வழியே குளித்து முடித்துத் திரும்பி வரும். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. கடவுளிடம் அதிகப் போக்குவரத்து வைத்துக்கொள்ளாத வாரண்டி, அறை வாசலில் மட்டும் ஒரு வேண்டுதல் வைப்பார்: இன்றைக்கு அந்த சிஸ்டர் டியூட்டியில் இருக்க வேண்டும். அவள் குத்தினால் குத்தியதே தெரியாது.

"நன்றிம்மா."

"ஊசி குத்தினதுக்கு நன்றி சொல்ற ஒரே ஆளு நீங்கதான் சார்."

பொழுது போக மகள் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் ஒரு படத்தை வாடகைக்கும் எடுக்கலாம், விலைக்கும் வாங்கலாம். வாடகை என்றால் பார்க்க ஆரம்பித்து இரண்டு நாளில் படம் காணாமல் போகும். வாங்கினால் சொந்தம். டிஸ்க் இல்லை, உறை இல்லை, தூசி தட்ட வேண்டியதில்லை. வாரண்டி எதை எடுத்திருப்பார் என்று சோப்புக் கதையைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அவர் எடுத்தது ஒரு கொலைப் படம். மலைமேல் ஒரு பங்களா, ஒரு பிணம், ஆறு பேர்மேல் சந்தேகம். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துத் தொண்டையைக் கனைப்பார். அதே இடத்தில் வாரண்டிக்குக் கண் சொருகிவிடும். இரத்தம் ஊர்வலம் போய் வந்தால் அப்படித்தான் அசத்தும். வீட்டில் மிச்சத்தைப் பார்க்க மாட்டார். பார்த்துத் தீர்த்துவிட்டால் அடுத்த முறை கூரையைத்தானே பார்க்க வேண்டும். அடுத்த முறை வந்து உட்கார்ந்தால் வாடகை முடிந்திருக்கும். மறுபடி வாடகை, மறுபடி முதலிலிருந்து, மறுபடி தொண்டைக் கனைப்பு, மறுபடி தூக்கம்.

இவர் தூங்கும்போது பக்கத்து நாற்காலி லாரிக்காரர் கழுத்தை நீட்டி முழுப் படத்தையும் பார்த்துவிட்டிருந்தார்.

"யாருன்னு சொல்லிடவா அண்ணே?"

"சொன்னீங்கன்னா இந்த ரூம்லயே இன்னொரு கொலை விழும்."

மூன்றாம் முறை வாடகைக்கு எடுத்த அன்று சிஸ்டர் ஊசிமேல் பிளாஸ்திரி ஒட்டியபடி, "ஒரே கொலைக்கு எத்தனை தடவ வாடகை குடுப்பீங்க? பேசாம வாங்கிடுங்க சார்" என்றாள்.

"காலத்துக்கும் வாங்கி வச்சு என்னம்மா பண்ணப்போறேன்? நானே வாடகை ஆளு."

"இந்த மெஷின்ல பாருங்க, அடுத்த வருஷ சர்வீஸுக்குத் தேதி ஒட்டியிருக்கு. அதுக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்கு இல்லையே."

"சர்வீஸ் தேதி வேற, வாரண்டி வேற. ரெண்டையும் குழப்பாதே" என்று பழைய மேஜைக் குரலில் சொன்னார். வாதத்தில் ஜெயித்த திருப்தியோடு திரும்பியவர், பிளாஸ்க்கோடு வாசலில் நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். அவள் பிளாஸ்க்கை வைத்துவிட்டு வெளியே போனாள். நாலு மணி நேரமும் உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க வாடகை ஆளுன்னா நான் யாரு? கூட வந்த தட்டுமுட்டு சாமானா?"

"சும்மா விளையாட்டுக்கு..."

"ஒரு படம் வாங்குற அளவுக்குக்கூட நாள் இல்லேன்னு முடிவு பண்ணிட்டா, எதுக்கு ஓடி ஓடிப் போய் அந்த ஊசியைக் குத்திக்கிறீங்க? எதுக்கு நான் கூட வர்றேன்?"

எந்த வாடிக்கையாளரும் அவரிடம் கேட்காத கேள்வி. காட்டுவதற்குப் பொடி எழுத்தும் இல்லை.

அடுத்த முறை நாற்காலியில் சாய்ந்ததும், வாங்கு என்ற பொத்தானை விரலால் தொட்டார். நிபந்தனைகள் வந்து விழுந்தன. எல்லோரும் படிக்காமலே சம்மதிக்கிற இடம். வாரண்டி படித்தார். அந்த எழுத்துகளை முழுதாகப் படித்த உயிர்கள் உலகத்தில் மொத்தம் மூன்று இருக்கலாம். மற்ற இருவர் அதை எழுதிய வக்கீல்கள். வாங்குதல் என்பது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. கம்பெனிக்கு உரிமை இருக்கும்வரைதான் படம் இருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளப்படலாம்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் இடது கை ஆடி, இயந்திரம் கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வந்தாள்.

"கையை அசைச்சீங்களா சார்?"

"சிரிச்சேன்மா. எப்ப எடுத்துக்குவோம்னு சொல்ல மாட்டோம்னு எழுதியிருக்கான். அதுக்குச் சொந்தம்னு பேரும் வச்சிருக்கான், கூச்சமே இல்லாம. என் உடம்பைக் குடுத்த கம்பெனியும் இதையேதான் சொல்லுது."

"அப்ப வாங்க மாட்டீங்க."

"இப்பதாம்மா வாங்கறேன். அதுவும் எப்ப போகும்னு தெரியாது, நானும் எப்ப போவேன்னு தெரியாது. சரிசமமான வியாபாரம். இது தெரியாம ஒரு வருஷமா சின்ன சோப்புல குளிச்சுக்கிட்டிருக்கேன்."

வாங்கினார். அன்றும் தூங்கினார். சிஸ்டர் படத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்தாள். ஆனால் அடுத்த முறை வந்தபோது படம் அங்கேயே, தொண்டையைக் கனைத்த வாயோடு காத்திருந்தது. குற்றவாளி, முதல் காட்சியிலிருந்து அழுதுகொண்டிருந்த குடும்ப டாக்டர்.

"இதுக்கா இத்தனை பாடு?" என்றார் வாரண்டி.

"நான் சொல்லியிருந்தா செலவு மிச்சம்" என்றார் லாரிக்காரர்.

திரும்பும் வழியில் வண்டியைக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். பெரிய சோப்பு கேட்டார். "ஆறு சேர்ந்த பாக்கெட் இருக்கு, தரட்டுமா?" என்றார் கடைக்காரர். "ரொம்ப ஆசைப்படக் கூடாது. ரெண்டு குடுங்க." மனைவி வண்டிக்குள்ளிருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இரண்டு கட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டபோது மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

மறுவாரம் அவளை நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். கல்யாணமான புதிதில் இருவரும் பார்த்து, அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிய படம் ஒன்று உண்டு. அதன் டிஸ்க் இப்போது பால்கனியில் புறா விரட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார்.

"எனக்கா?"

"உனக்குத்தான். ஆனா ஒண்ணு. பொடி எழுத்துல படிச்சேன், இதை யார் பேருக்கும் எழுதிவைக்க முடியாதாம். டிஸ்க்குன்னா எனக்கப்புறமும் உன்கிட்ட இருந்திருக்கும். இது என் கணக்குல இருக்கு. நான் இருக்கிறவரைக்கும்தான் நீ பாக்கலாம்."

அவள் கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"அப்ப இருந்து தொலைங்க" என்றாள். "படத்தைப் போடுங்க."