சத்தம் போடாத காரும் சுங்குடிச் சேலையும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், நத்தத்திலிருந்து திண்டுக்கல் திரும்பும் வழியில் என் கார் படுத்துவிட்டது. படுத்ததுகூட எனக்கு உடனே தெரியவில்லை. ஓடும்போதே அதிகம் சத்தம் போடாத வண்டி அது. இறக்கத்தில் சமத்தாக உருண்டு வந்தது, அடுத்த மேட்டில் ஏற மறுத்தது. அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு முக்கோணம் ஒன்று, நடுவில் ஆச்சரியக்குறியோடு எரிந்துகொண்டிருந்தது. ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, என்னடா இது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைகளை மொத்தமாக எடுத்து, நத்தம், செம்பட்டி பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பது என் தொழில். பல வருடங்களுக்கு முன் நடந்த ஒரு பஸ் விபத்தில் இடது கணுக்கால் நொறுங்கிவிட்டது. நடக்கிறேன், ஆனால் கிளட்ச் மிதிக்க முடியாது. சேலை மூட்டையோடு பஸ் ஏறி இறங்கவும் முடியாது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போனால் பத்துச் சேலைக்கு மேல் ஏற்ற முடியாது, மழை வந்தால் அதுவும் போச்சு. கிளட்ச் இல்லாத புதுக் கார் எங்கள் வசதிக்கு எட்டாது.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரில் ஒருவர் பழைய ஹைப்ரிட் கார் ஒன்றைச் சல்லிசாகத் தள்ளிவிடப் பார்த்தார். கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் கரண்ட் என்று மாறி மாறி ஓடும் வண்டி. எங்கேயும் செருகி சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை, ஓட ஓடத் தானே ஏற்றிக்கொள்ளும். ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பது என்று எல்லோரும் பயந்ததால்தான் அந்த விலை. நான் வாங்கிவிட்டேன். வீட்டுக்குள் சும்மா கிடந்தவளை வியாபாரி ஆக்கியது அந்த வண்டிதான்.

சின்ன வயதிலிருந்தே எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி எனக்கு. பிரேக் போட்டால் பேட்டரி ஏன் ஏறுகிறது, சிக்னலில் நின்றால் இன்ஜின் எங்கே போகிறது என்று வண்டியோடு பேசிக்கொண்டே ஓட்டுவேன். வாங்கின புதிதில் ஒருநாள் செம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குள் சேலை காட்டப் போனேன். சத்தமே இல்லையே, அணைத்துவிட்டோம் என்று நினைத்து இறங்கிவிட்டேன். உண்மையில் அணைக்கவில்லை. உள்ளே பேட்டரி குறைந்ததும் இன்ஜின் தானாகக் கிளம்பிவிட்டது. வெளியே வந்து பார்த்தால் தெருவே தள்ளி நிற்கிறது. பெரியவர் ஒருவர், "ஏத்தா, உள்ள ஆளே இல்ல, வண்டி தானா உறுமுது. இன்னைக்கி அமாவாசை வேற" என்றார். என்ன விளக்கிச் சொல்லியும், அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு சேலைகூடப் போகவில்லை.

என் கடை, பின் சீட்டுதான். வலது பக்கம் கூரை வரை சேலைக்கட்டுகளை அடுக்கிவிடுவேன். இடது பக்கக் கதவைத் திறந்துவைத்தால், பெண்கள் ஒவ்வொருவராகச் சீட்டு ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மடிப்பில் வைத்துப் பார்த்து யாரும் சேலை வாங்க மாட்டார்கள். பிரித்து, நன்றாக உதறிக் காட்ட வேண்டும். உதறும்போது விழுகிற விதத்தில்தான் நூலின் தரம் தெரியும் என்பார்கள். வெளியே உதறினால் தெருப்புழுதி ஒட்டும். அதனால் வண்டிக்குள்ளேயே உதறுவேன், மறுபடி மடிப்பேன், அடுத்ததை உதறுவேன். கஞ்சி போட்ட புதுச் சேலை உதறும்போது கிளம்புகிற வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்று புளியமரத்தடியில் அரை மணி நேரம் நின்றபின் வண்டி தானாகவே சரியாகி, மெதுவாக வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. மத்தியானம் மறுபடி முக்கோணம். இப்படியே ஒரு வாரம். டவுனில் இரண்டு மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். பானட்டைத் திறந்து, உள்ளே ஆளைத் தூக்கியடிக்கிற கரண்ட் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரைப் பார்த்ததும் திரும்ப மூடிவிட்டார்கள். கடைசியில் மதுரைக்குப் போய் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, பெரிய பேட்டரி போய்விட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, நான் வண்டி வாங்கிய விலையைவிட அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பழைய ஹைப்ரிட் வண்டியில் என்னென்ன போகும் என்று அப்போதுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். பெரிய பேட்டரி போனால் ஒரு செலவு, பேட்டரி கரண்டை மோட்டாருக்கு மாற்றித் தருகிற இன்வெர்ட்டர் போனால் அதற்குமேல் ஒரு செலவு, அதைக் குளிர வைக்கிற சின்ன மோட்டார் போனால் வேறொரு செலவு. ஒன்றிலும் நம் கை எட்டாது. என் கணவர், நத்தத்தில் புளி கமிஷன் கடையில் வேலை பார்க்கிறவர், அன்று இரவு சாப்பிடும்போது முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஈரோட்டுல இருந்து ஒரு ஆளு ஞாயித்துக்கிழம வாரேன்னுருக்காரு. பாகத்துக்குப் பிரிக்கத்தான் எடுக்குறாரு. குடுத்துருவோம். உனக்கு வீட்டுலயே ஏதாச்சும் பாத்துக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த "வீட்டுலயே" என்ற வார்த்தை என்னைக் குத்திவிட்டது. விபத்துக்குப் பிறகு சில வருடங்கள் வீட்டிலேயே இருந்தவள்தான் நான். அந்த நாட்களை நினைத்ததும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுதேன்.

சனிக்கிழமை காலை, மறுநாள் வண்டி போய்விடுமே என்று சேலைக்கட்டுகளை இறக்கினேன். கடைசியாக ஒரு தடவை அந்த முக்கோணம் வருகிறதா பார்ப்போம் என்று வண்டியை ஆன் செய்துதான் வைத்திருந்தேன். பின் சீட்டு காலியாகக் காலியாக, பின்னாலிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. தலைமுடி காய வைக்கிற மெஷினைத் துணிக்குள் சுற்றி வைத்தால் எப்படிக் கேட்கும், அப்படி. கொஞ்ச நாளாகவே ஓட்டும்போது கேட்ட சத்தம்தான், ரோட்டுச் சத்தம் என்று விட்டிருந்தேன். கடைசிக் கட்டை எடுத்ததும், சீட்டின் வலது ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சல்லடை தெரிந்தது. அது ஸ்பீக்கர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சேலையில் ஒட்டுகிற விலைச்சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் கீழே விட்டேன். அது விழாமல் மறுபடி போய் மெல்ல ஒட்டிக்கொண்டது.

ஸ்பீக்கர் எதற்குக் காற்றை இழுக்க வேண்டும்?

அந்த ஒரு கேள்வி போதும், எனக்கு வேறு வேலை ஓடாது. வண்டி ஏன் காலையில் நன்றாக இருக்கிறது, மத்தியானம் ஏன் படுக்கிறது? சரக்கில்லாமல் மதுரைக்குப் போன அன்று மட்டும் ஏன் வழியில் முக்கோணம் வரவில்லை? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், புத்தி போய் நின்றது அந்தச் சல்லடையில்தான். "ஒனக்கு எல்லாத்தையும் நோண்டணும். கரண்டு வண்டி, வெடிச்சுகிடிச்சு வச்சா என்ன பண்ணுவ?" என்று கணவர் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல, வண்டியை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனேன்.

அங்கே கார் ஏசியும் ஒயரிங்கும் பார்க்கிற ஒரு தம்பி உண்டு. அவர் மனைவி என்னிடம் சேலை எடுப்பார், அந்தப் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன்.

"பொய் சொல்ல மாட்டேங்க்கா. இந்த மாதிரி வண்டியில நான் கை வச்சதே இல்ல. உள்ள இருக்குறது அம்புட்டும் ஹை வோல்ட்டு."

"பேட்டரிய நீங்க பாக்க வேணாம் தம்பி. இந்தச் சல்லடை எதுக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

விலைச்சீட்டை வைத்துக் காட்டினேன். அவருக்கும் அது தொற்றிக்கொண்டது. கையை வைத்துப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கடை பெஞ்சில் உட்கார்ந்து, எந்த நாட்டுக்காரனோ தன் காரைப் பிரிக்கிற வீடியோவை அவர் செல்போனில் பார்த்தோம். அவன் பேசிய பாஷை ஒரு எழுத்துப் புரியவில்லை. ஆனால் அவன் கை போன இடமெல்லாம் புரிந்தது. அந்தச் சல்லடை வழியாகத்தான் பேட்டரி மூச்சு வாங்குகிறது. காருக்குள் இருக்கிற காற்றை ஒரு ஃபேன் இழுத்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பேட்டரியைக் குளிர வைக்கிறது.

தம்பி அவசரப்படவில்லை. முதலில் டிக்கிக்குள் இருந்த ஆரஞ்சுப் பிடியை ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு பிடுங்கினார், அதுதான் பெரிய பேட்டரியின் தொடர்பை அறுப்பது. உடனே தொட விடவில்லை. "செத்த நேரம் இருங்கக்கா, உள்ள நிக்கிற கரண்டு வடியட்டும். உசுரு விஷயம்" என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். நான் நின்ற இடத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

ஓரத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, ஃபேனை வெளியே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்னக்கா இது, உள்ள மெத்த தச்சு வச்சிருக்கீக?"

ஃபேன் இறக்கையே தெரியவில்லை. பஞ்சும் கஞ்சி மாவும் சேர்ந்து கெட்டித்துப்போய், ஒரு விரல் கனத்துக்குப் பட்டையாக அப்பியிருந்தது. பிய்த்தால் அடுக்கடுக்காக வந்தது. மேலே மங்கலான பச்சை. அதற்கடியில் சிவப்பு, மாலை போடுகிறவர்களுக்கு மார்கழியில் கட்டுக்கட்டாக விற்றது. இன்னும் அடியில் மஞ்சள், ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வாங்கியது. இரண்டு வருடமாக நான் உதறிய ஒவ்வொரு சேலையும் அதில் கொஞ்சம் இருந்தது. போதாததற்கு, சல்லடை வாயிலேயே கட்டுகளை அடுக்கி அடைத்திருக்கிறேன். பெட்ரோல் மிச்சம் என்று ஏசியும் போடுவதில்லை. வெந்த காற்றைக்கூட உள்ளே விடாமல் பேட்டரியைப் போட்டு வேக வைத்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. வண்டியைப் பற்றி ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள், என் சரக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்ததில்லை. எனக்குப் பிழைப்புக் கொடுத்த வண்டியை என் பிழைப்பே மூச்சு முட்ட வைத்திருக்கிறது.

தம்பி பிரஷ் வைத்தும் காற்றடித்தும் ஃபேனைச் சுத்தம் செய்து மாட்டினார். வண்டியை ஆன் செய்தோம். இரைச்சல் போய்விட்டது. ஆனாலும் அவர் நம்பிக்கை கொடுத்துவிடவில்லை. "பேட்டரி ஏற்கெனவே சூட்டுல அடிவாங்கியிருக்கும்க்கா. உச்சி வெயில்ல லோடு ஏத்தி ஓட்டிப் பாருங்க. தாங்குச்சுன்னா பொழச்சுது" என்றார். அவர் வாங்கிய கூலி, என்னிடம் இருக்கிற மலிவான சேலையின் விலைகூட இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஈரோட்டுக்காரர் வருகிற நாள். சாயங்காலம் வந்துவிடுவேன் என்றிருந்தார். முந்தின இரவே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அன்று மத்தியானச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு, சல்லடை வாய்க்கு நாலு விரல் இடம் விட்டு, இறக்கிய கட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன். சுள்ளென்று வெயில். நத்தம் ரோட்டில் அதே மேடு வரை போய்வருவது என்று கணக்கு. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவரோ வந்து பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

ஊர் எல்லையைத் தாண்டினோம். என் கண் ரோட்டில் பாதி, மீட்டரில் பாதி. மேடு வந்தது. மிதித்தேன். ஏறியது. முக்கோணம் வரவில்லை. உச்சியில் ஓரமாக நிறுத்திவிட்டு, அவரிடம் சொல்லத் திரும்பிப் பார்த்தேன்.

மனுஷன் சேலைக்கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தன் மடியில் அடுக்கி, தாடை வரை கட்டிப்பிடித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார். வலது பக்கச் சல்லடைக்கு முன்னால் ஒரு கட்டுகூட இல்லை. வழி நெடுக அப்படியே வந்திருக்கிறார்.

"எதுக்குங்க இதையெல்லாம் மடியில வச்சிருக்கீங்க?"

"காத்துப் போகணும்ல" என்றார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த ஈரோட்டு ஆளுக்கு வர வேணாம்னு போன் பண்ணிட்டேன்" என்றார். வண்டி மேடு ஏறுமா என்று தெரிவதற்கு முன்பே, வீட்டிலிருந்தே பண்ணியிருக்கிறார்.

அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. சேலையை இப்போது தரையில் துணி விரித்து வெளியேதான் உதறுகிறேன். எது கெட்டுப்போனாலும் எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு முன்னால், ஏன் கெட்டது என்று கேட்கிறேன். அந்தக் கேள்வியை ஒரே ஒரு நாள் பிந்திக் கேட்டிருந்தால், என் காலும் தொழிலும் சேர்ந்து ஈரோட்டில் பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்திருக்கும், நான் வீட்டுக்குள் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.