சாய்ந்து நின்ற குறி

புது டிரக்கின் முதல் வேலையிலேயே எனக்குச் சூடு விழுந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தில் பியானோ மூவிங் செய்துகொண்டிருந்தேன். ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். புது வண்டிக்குப் பூஜை போடாமல் சாவியைத் திருப்புகிற ஆள் நானில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, சந்தனம் பூசி, வெள்ளை டிரக்கின் பக்கவாட்டில் குங்குமத்தைக் குழைத்து ஒரு ஸ்வஸ்திக் போட்டேன். என் கை தாராளம். குறி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்துவிட்டது.

கூட வேலை செய்த யோகன் யாழ்ப்பாணத்துக்காரன். அவன் தயங்கினான்.

“அண்ணை, உந்தக் குறியை வெள்ளையள் வேற மாதிரிப் பாப்பினம். அழிச்சுப்போட்டுப் போவம்.”

“ஹிட்லரோடது சாஞ்சிருக்கும் தம்பி. நம்மளது நேரா நிக்கும். நீ படமெல்லாம் பாக்கறதில்லையா?” என்று அவன் வாயை அடைத்தேன்.

அன்று ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் வேலை. தனியாக இருந்த ஜெர்மன்காரப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். பியானோவும் கூடப் போக வேண்டும். ஜாப் ஷீட்டில் ‘அப்ரைட் பியானோ, வாசலில் மூன்று படி’ என்று மட்டும் இருந்தது. பெல் அடித்தேன். அவரே கதவைத் திறந்து சிரித்தார். பிறகு என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. விறுவிறுவென்று உள்ளே போய், பியானோ மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உதவிக்கு வந்திருந்த அவருடைய மகள் வெளியே வந்து டிரக்கைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“நாங்க யூதர்கள். அப்பா அங்கே கம்போசர். ஹிட்லர் ஆட்சி வந்ததும் அவர் எழுதினதை யாரும் வாசிக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. அப்புறம் ஒரு நாள் லாரி வந்து பியானோவை ஏத்திட்டுப் போயிடுச்சு. அந்த லாரியிலயும் இந்தக் குறிதான். இங்க வந்து பிஸ்கட் ஃபேக்டரியில வேலை பார்த்தார். எழுதினதெல்லாம் அந்தப் பியானோ ஸ்டூலோட பெட்டிக்குள்ளேயே கிடக்கு. இந்த ஊர்ல ஒருத்தரும் வாசிச்சதில்லை.”

திரும்பிப் பார்த்தேன். அது மேட்டுத் தெரு. சரிவில் நின்ற டிரக்கில் என்னுடைய நேரான குறி சாய்ந்து நின்றது.

யோகன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான். இருவரும் தேய்த்தோம். வெள்ளைப் பெயின்டில் சிவப்புக் கறை போக மறுத்தது. பியானோ போர்த்துகிற கம்பளியை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டோம்.

உள்ளே போய்ப் பெரியவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் அது சாமிக்குப் போடுவது, வழியில் கெட்டது நடக்கக் கூடாது என்று போட்டது, என்றேன்.

அவர் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அவங்களும் பெல் அடிச்சுத்தான் வந்தாங்க” என்றார்.

கடைசியில் அவரே மூடியிலிருந்து கையை எடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: தானும் டிரக்கில் வர வேண்டும் என்றார். முன்சீட்டில் எங்களுக்கு நடுவே, எழுதிய தாள்கள் இருந்த ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் திரும்பி, பியானோ இருக்கிறதா என்று கேட்டார். “இருக்கு சார்” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டாலி என்கிற சக்கரப் பலகையைத் தள்ளவும் ஸ்ட்ராப் கட்டவும் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பெல் அடிப்பதற்கு முன்னால், வீட்டுக்காரர் வந்து நிற்கப்போகிற இடத்தில் நின்று, உங்கள் வண்டியை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.