அந்தப் பூனை நவாஸ் நானாவுடையது அல்ல

பூனை நானா மௌத்தாகிவிட்டார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஸ்பீக்கரில் மரணச் செய்தியை அறிவித்தார்கள். நவாஸ் என்று பெயரைச் சொல்லிவிட்டு, ஆள் யாரென்று ஊருக்கு விளங்க வேண்டுமே என்று "கொம்பியூட்டர் கடை பூனை நானா" என்றும் சேர்த்தார்கள்.

எங்கள் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள், "ஏன் அவருக்கு அப்பிடிப் பேர்?" என்று. இதுவரை யாரும் பதில் போடவில்லை.

எனக்குத் தெரியும். அங்கே எழுதி எழுதி அழித்துவிட்டு, இந்த நேரத்தில் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

என் மகனுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. உம்மா, வாப்பா... எதுவுமே இல்லை. வீட்டுக்கு வெளியே இதை நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவன் வாயைத் திறந்தது ஒரேயொரு பூனைக்கு முன்னால்தான். முன்பள்ளி ஒன்றில் கழித்துப் போட்ட பழைய சிடி அது. திரையில் கதிரைமேல் ஒரு பூனை தூங்கும். மைக்கில் பிள்ளை சத்தம் வைத்தால் கண்ணைத் திறக்கும். சத்தத்தை விடாமல் இழுத்தால் எழும்பி மீனிடம் நடந்து போகும்.

உப்புக் காற்றில் எங்கள் பழைய கொம்பியூட்டர் ஒருநாள் நின்றுபோனது. கத்தாரிலிருந்து மகனின் வாப்பா அனுப்பிய புது லெப்டொப்பில் அந்த சிடி திறக்கவேயில்லை. மகன் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தான். பிறகு பழையபடி வாயை மூடிக்கொண்டான்.

அப்படித்தான் நவாஸ் நானாவின் கடைக்குப் போனேன். "ஒரு முன்பள்ளிக்கு வேணும் நானா" என்று பொய் சொன்னேன்.

"புதுசுக்குள்ள பழசக் குடி வைப்பம்" என்றார். புது விண்டோசுக்குள் ஒரு வேர்ச்சுவல் மெஷின், அதற்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பூனை.

"உள்ளுக்க இரிக்கிற கொம்பியூட்டருக்கு வெளிய இன்னொண்டு இரிக்கி என்டே தெரியா, புள்ள. தான்தான் ராசா என்டு நினைச்சிக்கிட்டு ஓடும். நம்மட பிரதேச சபை மெம்பர் மாதிரி."

பூனை வந்தது. ஆனால் எழும்பவில்லை. மைக்கின் சத்தம் உள்ளே இருந்த எக்ஸ்பிக்குப் போய்ச் சேரவில்லை.

செட்டிங்கில் எதையோ மாற்றுவார், குனிந்து "ஆஆ..." என்பார். இன்னொன்றை மாற்றுவார், "பாஆ..." என்பார். தாடி நரைத்த மனிதர்.

அந்த நேரம் பார்த்து என் மாமியின் தங்கச்சி போட்டோகொப்பி எடுக்க வந்தார்.

"என்னகா, நீ இஞ்ச? இந்த மனிசன் என்ன பூனையோட கதைக்காரு? ஆருக்கு இது?"

நவாஸ் நானா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத்தான் ராத்தா. ஊட்ட நம்மட கதைய ஆரு கேக்காங்க? இதாவது கேக்குதா என்டு பாக்கன்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... கொஞ்சம் கூடுதலாகவே.

பிறகு மைக்கைச் சரிசெய்து லெப்டொப்பைத் தந்தார். அன்றோடு அவர் பூனை நானா. பொடியன்கள் சைக்கிளில் போகும்போது கடைவாசலில் "மியாவ்" என்று கத்திவிட்டுப் பறப்பார்கள். உள்ளேயிருந்து அவரும் ஒரு மியாவ் விடுவார்.

அதன்பிறகு என்னை எங்கே கண்டாலும் ஒன்றுதான் கேட்பார். "பூனை எழும்பிட்டா, புள்ள?"

சுற்றி நிற்பவர்களுக்கு அது அவருடைய வழமையான பகிடி. என் மகனைத்தான் கேட்கிறார் என்று எனக்கு மட்டும் விளங்கும். முன்பள்ளிக் கதையை அவர் நம்பவேயில்லை.

நான் தலையில் ஷோலை இழுத்துவிட்டு, காதில் விழாத மாதிரிக் கடந்துவிடுவேன். பக்கத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். மாமி, மச்சாள், யாராவது.

ஒரு பெருநாள் சனத்துக்குள்ளும் கேட்டார். என்னோடு நின்ற ராத்தா, "இந்தப் பூனை நானாக்கு வேற வேலையே இல்லையாகா?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவருக்குக் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே போனார்.

மகன் இப்போது கதைக்கிறான். முழுசாக இல்லை, ஒவ்வொரு சொல்லாக. உம்மா சொல்கிறான். தண்ணி சொல்கிறான். கடைக்குப் போய் இதைச் சொல்லியிருக்கலாம்... நடந்து போகிற தூரம்தான். நாளைக்கு, கடையில் ஆள் இல்லாத நேரம், என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

இன்று ஸ்பீக்கரில் அந்தப் பெயர் விழுந்ததும், வாசலில் நின்ற மகன் "பூன... பூன..." என்று துள்ளினான். ஜனாஸா வீட்டுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன்.

என் கையால். அந்த வாயை.

குரூப்பில் கேட்ட தங்கச்சிக்கு... அந்தப் பூனை அவருடையது அல்ல. என் மகனுடையது.

நவாஸ் நானா, உங்கள் கப்றுக்குள் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும்.

பூனை எழும்பிட்டு, நானா.