ஆவுடையார்கோவிலில் ஒரு காலி நாற்காலி

ஃபிலிமா, டிஜிட்டலா என்று என்னிடம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு கேமராக்களையும் கொண்டுபோய், ஒரே பொருளை இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். தை மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆவுடையார்கோவிலுக்குப் போய்வந்தேன். காரணம், அங்குள்ள கொடுங்கைகள். மண்டபத்தின் விளிம்பில் கூரைபோல் இறங்கும் கல். மரச்சட்டமும் அதில் அறைந்த ஆணியும்கூடக் கல்லிலேயே செதுக்கப்பட்டவை. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் குறைவு.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காலை நாலே முக்காலுக்குப் புதுக்கோட்டை வண்டி. ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். ஆறு மணிக்கெல்லாம் புதுக்கோட்டையில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து ஆவுடையார்கோவில் பதினான்கு கிலோமீட்டர்; டவுன் பஸ் உண்டு. மூன்று பஸ்ஸுக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

டவுன் பஸ் நடத்துநர் என் கழுத்தில் தொங்கிய இரண்டு கேமராக்களையும் பார்த்தார்.

"யூடியூப்பா சார்?"

"இல்லங்க. சும்மா."

"சும்மாவுக்கா ரெண்டு? நல்லா வாழுறீங்க சார்."

பின்சீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சும்மா என்று சொன்னது முழு உண்மையல்ல. மாவட்ட நிருபராக வேலை பார்த்த காலத்தில் செய்தியும் நானே, படமும் நானே. எடுத்த ரோலைக் கவரில் போட்டு ஒட்டி, திருச்சி போகும் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவேன். நிலையத்தில் அலுவலகத்து ஆள் வாங்கிக்கொள்வார். படம் வந்ததா, வரவில்லையா என்று மறுநாள் பேப்பரைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும். அந்த ஓர் இரவின் பதற்றம் பழகிப்போய், பிற்பாடு அதுவே பிடித்தும்போனது. டிஜிட்டலில் அது இல்லை. எடுத்த மறுகணம் தலையைக் குனிந்து திரையைப் பார்க்கிறோம். நிமிர்வதற்குள் எதிரே இருந்த முகம் மாறிவிடுகிறது. கிடைத்ததைச் சரிபார்க்கிற நேரத்தில் அடுத்தது போய்விடுகிறது. டிஜிட்டலின் மேல் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். மற்றபடி, இருட்டு மண்டபத்தில் அது செய்வதை ஃபிலிம் செய்யாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எடிட்டிங் விஷயத்தில் அலுவலகத்தில் கற்ற பாடம் ஒன்றே: இருந்ததை நீக்காதே, இல்லாததைச் சேர்க்காதே. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சாய்ந்த படத்தை நிமிர்த்தலாம், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே இருந்தேன். கரண்டுக் கம்பியை அழிப்பவர்களிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

எட்டு மணிக்குக் கோயிலுக்குள் போனேன். இதுவரை போகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது தெற்குப் பார்த்த சிவன் கோயில். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. கருவறையில் லிங்கமும் இல்லை. ஆவுடையார் என்கிற பீடம் மட்டும்தான். அதற்கு மேலே உள்ள வெற்றிடத்துக்குத்தான் பூசை. வடித்த சோற்றைக் கல்மேடையில் கொட்டி, எழும் ஆவியைத்தான் படைக்கிறார்கள். அந்தப் பக்கம் கேமராவை எடுக்கக் கூடாது, எடுக்கவும் தோன்றாது. ஆவி மேலேறிக் கலைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வெளி மண்டபத்தில் கொடுங்கைகள். ஒவ்வொரு கோணத்தையும் டிஜிட்டலில் மூன்று, ஃபிலிமில் ஒன்று என்று எடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஃபிலிம் கேமராவில் கடைசிச் சட்டம் ஒன்றுதான், அதாவது ஒரே ஒரு படத்துக்கான ஃபிலிம்தான், மிச்சம். அதைக் கோபுரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன்.

கோபுரத்துக்கு வெளியே ஒரு காதுகுத்து வீட்டார் குரூப் போட்டோவுக்குக் கூடியிருந்தார்கள். சமையல்காரர்கள் கொண்டுவந்த பழுப்பு நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனமும் வீங்கிய காதுமாக மூன்று வயதுப் பெண் குழந்தை. அதன் அம்மா, முப்பது வயது இருக்கும், என்னிடம் வந்தார்.

"சார், ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? எங்க போன்ல அவருகூடப் பேசிட்டிருக்கோம். கட் பண்ண முடியாது."

அவர் பெயர் செல்வி (இந்தக் குடும்பத்தார் பெயர்களை மாற்றியிருக்கிறேன்). பக்கத்துக் கிராமம். கணவர் பாண்டியன் குவைத்தில் வேலை பார்க்கிறார். குழந்தை யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். இன்னும் திரும்பி வரவில்லை. காதுகுத்து முழுவதையும் போனில் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

டிஜிட்டல் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். முன்வரிசையின் நடுவில், குழந்தைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பழக்க தோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

"நடுவுல காலி விடாதீங்க. நெருங்கி வாங்க."

பின்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் உடனே முன்னால் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செல்வியின் முகம் சுருங்கியது. குழந்தையை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் முருகேசன் குறுக்கே வந்தார்.

"சித்தப்பா, எந்திரிங்க. அது பாண்டியன் மச்சான் சீட்டு."

"அவன் கொவைத்துல இருக்கான். இங்க எதுக்குடா அவனுக்குச் சீட்டு?"

"ஸ்டூடியோவுல அவரச் சேக்கணும். உள்ள சாமிக்கே பீடம் மட்டுந்தான் இருக்கு. ஆளு இல்லைன்னு நீங்க ஏறியா ஒக்காந்தீங்க?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே எழுந்தார். வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று முருகேசன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் நாற்காலியில் போட்டார்.

அப்போது செல்வியின் கையிலிருந்த போன் பேசியது.

"மாப்ள, துண்ட எடுத்துரு. போட்டோவுல விழுந்துரும்."

குவைத்தில் அப்போது காலை ஏழு பத்து. பாண்டியன் கம்பெனிச் சீருடையில் ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தார். ஏழரைக்கு வேலைக்குக் கூட்டிப்போகும் பஸ் வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை லீவில் வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ரூம் நண்பரை வைத்துத் தன் படத்தை எடுத்து அனுப்புவாராம். அறந்தாங்கியில் ஒரு ஸ்டூடியோவில் சேர்த்துக் கொடுப்பார்களாம்.

"சார், வணக்கம். வெயிலு எங்கிட்டு இருந்து வருது?"

"உங்க இடது கைப் பக்கம்."

"அதக் கேக்காமத்தான் தங்கச்சி கல்யாண போட்டோவுல என்னயச் சேத்தப்ப..."

முருகேசன் முந்திக்கொண்டார். "எல்லாருக்கும் நெழலு மேக்க விழுது சார், மச்சானுக்கு மட்டும் கெழக்க! மச்சானுக்குன்னு தனிச் சூரியன்."

"சிரிங்கடா. நான் இங்கிட்டு ஒத்தையில கெடக்கேன், ஒங்களுக்குச் சிரிப்பு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் முருகேசன் சிரிப்பதை விட்டு, நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டார்.

இல்லாததைச் சேர்க்காதே என்று வாழ்நாளெல்லாம் சொன்னவன், அந்த மனிதருக்கு வேண்டிய விவரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேமரா உட்கார்ந்த ஆளின் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பத்தடி தூரத்தில் இருக்கட்டும், இதே நேரத்து வெயிலில் எடுங்கள். அவர் வரி வரியாகத் திருப்பிச் சொன்னார். கடைசியாகக் கொஞ்சம் தயங்கினார்.

"பாப்பா கேமராவப் பாக்க வேணாம் சார். என்னயப் பாக்குற மாதிரி வருமா?"

குழந்தையோ, அம்மா கையிலிருந்த போனையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பா இருக்கும் இடம் அதுதான். முருகேசன் போனை வாங்கி, சீர்த்தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து நாற்காலியில் வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்தார்; பாண்டியனைச் சேர்க்கும்போது இரண்டும் மறைந்துவிடும். "அங்கன பாரு, அப்பா ஒக்காந்துருக்காரு." குழந்தை திரும்பியது. டிஜிட்டலில் நான்கு படங்கள் எடுத்தேன். திரையில் சரிபார்த்தேன். நன்றாகவே வந்திருந்தன.

கேமராவை இறக்கிய பிறகும் குழந்தை நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபிலிம் கேமராவை எடுத்தேன். கோபுரத்துக்கு வைத்திருந்த அந்தக் கடைசிச் சட்டம். ஃபோகஸ் திருகிக்கொண்டிருக்கும்போதே போனில் பாண்டியனின் குரல் கேட்டது. "பஸ்ஸு வந்துருச்சு. வச்சிர்றேன். பாப்பா, டாட்டா." அழுத்தினேன். அதற்குமேல் ஃபிலிமை நகர்த்தும் லிவர் அசையவில்லை, ரோல் முடிந்திருந்தது. என்ன பதிந்தது என்று தெரியாது.

சாப்பிடாமல் விடவில்லை. பந்தியில் முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, செல்வியின் எண்ணுக்கு நான்கு படங்களையும் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் வழியில் ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்பு ஓடிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டு ஆல்பங்களை நினைத்துக்கொண்டேன். அவற்றில் நான் இல்லை. எடுத்தவன் நான் அல்லவா? என் மனைவி மங்கை ஒவ்வொரு படத்திலும் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். "நீங்களும் வந்து நில்லுங்களேன், யாரையாவது எடுக்கச் சொல்லலாம்" என்பாள். அடுத்த முறை, அடுத்த முறை என்பேன். அவள் போன பிறகு, என்னை அவள் பக்கத்தில் சேர்த்துத் தருவதாக மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். கொள்கை என்று அவனிடம் காரணம் சொன்னேன். உண்மை வேறு. அந்தப் படங்களில் அவள் பார்த்துக்கொண்டிருப்பது என்னை. நான் பக்கத்தில் போய் நின்றுவிட்டால், அவள் யாரைப் பார்ப்பாள்?

ஃபிலிமைக் கழுவ இப்போது சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். கூரியரில் போய், ஸ்கேன் ஆகி வர மூன்று வாரம் ஆனது. கொடுங்கைப் படங்களில் டிஜிட்டலுக்கு நுணுக்கம் அதிகம். ஃபிலிமில் கல் இன்னும் கல்லாக இருக்கிறது. இதற்குமேல் அந்த ஒப்பீட்டைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. கடைசிச் சட்டத்தில், வெயிலில் போன் திரை வெறும் கறுப்புக் கட்டமாகத் தெரிந்தது. தேங்காய், நாற்காலி, அதை நோக்கிக் கையாட்டிக்கொண்டிருக்கும் மொட்டைத் தலைக் குழந்தை.

ஸ்கேன் வந்த அன்று சாயங்காலமே செல்வியிடமிருந்து போன் வந்தது.

"சார், அந்தப் பழைய படம் இருக்கா? சேக்குறதுக்கு முன்னாடி உள்ளது. எம்போன்ல அழிஞ்சு போச்சு."

"இருக்கும்மா. ஏன், ஸ்டூடியோல சரியாச் சேக்கலையா?"

"நல்லாத்தான் சேத்துருக்காக. நெழலு, சட்டை, எல்லாம் சரி. யாராலயும் கண்டுபிடிக்க முடியல. அதான் சார் வம்பு. சொவத்துல மாட்டுனமா? பாப்பா பாத்துட்டு, அப்பா எப்பம்மா வந்தாரு, எங்கிட்டப் பேசாம ஏன் போனாருன்னு ஒரே அழுக. வீடெல்லாம் தேடுது. கட்டிலுக்கு அடியிலகூடக் குனிஞ்சு பாத்துச்சு சார். கழட்டிப் பீரோவுல வச்சுட்டேன்."

போனைக் காதில் வைத்தபடியே கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைத் தேடினேன்.

"அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க. அவரு அந்தப் படத்தப் பெருசாப் போட்டு ரூம்ல ஒட்டிவச்சிருக்காரு. வேலைக்குப் போகயில தொட்டுட்டுத்தான் போறாராம்."

நான்கு படங்களையும் அனுப்பினேன். கூடவே ஃபிலிம் படத்தையும். மறுநாள் செல்வியிடமிருந்து குரல்செய்தி வந்தது. குழந்தை ஃபிலிம் படத்தைத்தான் பிடித்துக்கொண்டதாம். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறதாம். பின்னணியில் யாழினியின் குரலும் கேட்டது: "இது அப்பா சேரு. அப்பா பஸ்ஸுக்குப் போறாரு. நான் டாட்டா சொல்றேன்."

ஆக, அந்தக் காலையிலிருந்து இரண்டு படங்கள். சேர்த்த படம் குவைத்தில் ஒரு சுவரில் இருக்கிறது. சேர்க்காத படம் ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு சுவரில் இருக்கிறது. எது சரி என்று என்னைக் கேட்டால், அவை சுவர் மாறிவிடாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கொடுங்கைகளுக்குக் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை நல்ல வெளிச்சம். உள்ளே எங்கெங்கே படம் எடுக்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். டிரைபாட் வேண்டாம்; தூணில் சாய்ந்தால் கை நடுங்காது. குறைந்த வெளிச்சத்திலும் பதியும் வேகமான ஃபிலிம் ஒரு ரோல் போதும். தங்குவதென்றால் அறந்தாங்கியில் விடுதிகள் உண்டு. தை, மாசி ஞாயிறுகளில் காதுகுத்துக் கூட்டம் இருக்கும். கேமராவோடு போனால் யாராவது ஒரு குடும்பப் படம் கேட்பார்கள். மறுக்காமல் எடுத்துக்கொடுங்கள். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தால், நெருங்கி நில்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே யார் என்று கேளுங்கள்.